இடது கால் வேண்டாத வண்டி

எனக்கு ஆட்களோடு பேச வராது. ஷெட்டுக்கு யாராவது வண்டி கொண்டுவந்தால், அவர் இறங்குவதற்குள் நான் வண்டிக்கு அடியில் போய்விடுவேன். மேலே நின்று பேசுவது என் மனைவி. ஷெட்டின் முன்பக்கத்தில் ராட்டினம் போட்டுத் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். தறிக்குப் போகும் ஊடை நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுக்கும் வேலை. சுற்றியபடியே என்ன கோளாறு, எப்போதிலிருந்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டுவிடுவாள். நான் அடியில் படுத்துக் கேட்டுக்கொள்வேன். பக்கத்து அரிசி ஆலை ஓடும் நேரத்தில் மட்டும் அவள் கொஞ்சம் குரலை உயர்த்த வேண்டியிருக்கும்.

பத்தாவது வரைதான் படித்தேன். பிறகு முப்பது வருடமாக டீசல் வண்டிகள். ஆட்டோ கியர் வண்டி என்று எங்கள் ஷெட்டுக்கு வழக்கமாக வந்தது ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்த வண்டிக்குச் சொந்தக்காரர் பட்டுச் சேலை வியாபாரி. சுற்றுக் கிராமங்களில் இருக்கும் நெசவாளர்களுக்குத் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்த சேலையை வாங்கி வருவார். என் மனைவி தார் சுற்றுவதும் அவருடைய நூல்தான். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்ததில் அவருக்கு இடது கால் சூம்பிவிட்டது. ஒரு கைத்தடி வைத்திருப்பார். ஆனால் அதை நடப்பதற்குப் பயன்படுத்தியதைவிட எதையாவது சுட்டிக்காட்டிக் கிண்டல் செய்யப் பயன்படுத்தியதுதான் அதிகம்.

நாற்பத்தைந்து வயது வரை அவரை யாராவதுதான் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டுமே. அப்போதுதான் மலைத் தோட்டம் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஃபோர் வீல் வண்டி ஒன்று விலைக்கு வந்தது. உயரமான, கரும்பச்சை நிற வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறும். வலது கால் ஒன்று போதும். மழைக்காலத்தில் ஏரிக்கரைச் சேற்றில் போகவும் தோதானது. அதை ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் வாரத்தில், வேலையே இல்லாமல் பஸ் நிலையத்தை ஒரு நாளைக்கு நாலு தடவை சுற்றி வந்தார் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் ஷெட் முன்னால் போனதை மட்டும் வைத்துச் சொன்னால், நாலு என்பது குறைவு.

வண்டி வந்த அன்று அதைப் பார்த்துக்கொள்ளும் முறையை நான்தான் அவருக்குக் காட்டினேன். கியர்ப் பெட்டியில் சிவப்பு ஆயில் ஒன்று உண்டு. கிளட்ச் இல்லாத வண்டியில் எல்லா வேலையையும் செய்வது அந்த ஆயில்தான். பம்ப் ஒன்று அதை அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தத்தில்தான் உள்ளே தகடுகள் ஒன்றையொன்று பிடிக்கும், வண்டி நகரும். ஆயில் அளவைப் பார்க்க ஒரு நீளக் கம்பி இருக்கிறது. இன்ஜின் ஆயிலை வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். இதை வண்டி சூடாகி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு உருவினால் அளவு தெரியும். இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி நூல் கழிவை எடுத்துக் கம்பியைத் துடைத்தும் காட்டினேன்.

மற்ற ஊர் ஷெட்டுகளில் கை துடைக்கப் பனியன் வேஸ்ட் வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் தார் சுற்றும்போது அறுந்து விழுகிற பட்டு நூல் இருக்கிறது, பனியன் வேஸ்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? பட்டு நூல் மெத்தென்றும் இருக்கும், எண்ணெயும் நன்றாகக் குடிக்கும். வியாபாரியின் வீட்டிலும் அது கூடை கூடையாக இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி வந்து, சாமி விளக்குத் துடைக்கிற பக்தியோடு கம்பியை உருவித் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். வாரம் ஒரு முறை போதும் என்று சொல்ல நினைத்தேன். அவருடைய சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

மூன்று வருடம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள், எங்கள் பக்கத்தில் சமணக் கோயில் இருக்கும் திருமலைக்குப் போகும் சாலையில், பாதி தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய புளியமரத்தடியில் வண்டி நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம்தான் ஏறுகிறது, வண்டி நகரவில்லை. அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிட்டது. அடுத்த வாரமும் ஏறக்குறைய அதே இடம். அதற்கடுத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள். அவருடைய மகன் வேலூரில் இரண்டு இடங்களில் காட்டினான். இரண்டு இடத்திலும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்ப் பெட்டி முடிந்துவிட்டது, இந்தப் பழைய மாடலுக்கு வேறு பெட்டி கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். சென்னையில் ஒரு பட்டறையில் அதைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண கியரும் கிளட்சும் வைத்துத் தருகிறோம் என்றார்கள். மகன் ஒப்புக்கொண்டான். திங்கட்கிழமை காலை வண்டியைத் தூக்கிச் செல்ல ஆள் வருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை அவர் வண்டியோடு எங்கள் ஷெட்டுக்கு வந்தார். வழக்கம்போல் நான் வேறொரு வண்டிக்கு அடியில் இருந்தேன். கைத்தடியின் நுனி தரையைத் தட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"இன்னா மேஸ்திரி, அடியிலயே குடித்தனம் பண்ணிகினு கீறியா?"

மனைவிதான் பதில் சொன்னாள். "அவரு கேட்டுகினுதான் கீறாருங்கணா. நீங்க சொல்லுங்க."

"திங்கக்கெழம தூக்கினு போறாங்கோ. கிளட்ச் வெச்சுத் தருவாங்களாம். வெச்சு? அத்த மிதிக்கிறது யாரு? டிரைவர் ஒருத்தன் ஓட்டுவான், நானும் சேல மூட்டையும் பின்னாடி குந்திகினு போவோம். கெரகம், மூட்டைக்காவது வாய் இல்ல." அவர் சிரித்தார். சிரித்துவிட்டுக் கொஞ்சம் தணிந்த குரலில், "நீ ஒரு தபா பாத்துட்டு, முடிஞ்சுதுன்னு சொல்லிடு. நீ சொன்னா உட்டுடறேன்" என்றார்.

அதைக் கேட்ட பிறகு என்னால் அடியில் படுத்திருக்க முடியவில்லை.

எந்த வண்டியையும் நான் கழற்றுவதற்கு முன்னால் அது கெட்டுப்போவதைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவன். அதனால் அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டும் வரை கியர் ஒவ்வொன்றும் வெண்ணெய்போல் மாறியது. கெட்டுப்போன பெட்டி இப்படி மாறாது. கொஞ்ச தூரம் போனதும் அடியிலிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் ஒன்று கிளம்பியது. வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது. புளியமரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டி இழுப்பதை நிறுத்தி உருண்டு நின்றது. அவர் என்னைப் பார்க்காமல் நேராகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஜினை அணைக்க வேண்டாம் என்று சைகை செய்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போடச் சொன்னேன். முன்னால் போகும் கியர் எதிலும் அசைவு இல்லை. ரிவர்சிலும் இல்லை. இந்த வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் இன்னொரு சின்னப் பெட்டியும் உண்டு. அதன் லீவர் பாதியில் நழுவிவிட்டாலும் இப்படித்தான் நிற்கும். அதை மாற்றிப் போட்டுப் பார்த்தோம். அதில் தவறில்லை. அடியில் குனிந்து பார்த்தேன். சக்கரத்துக்குப் போகும் தண்டே சுற்றவில்லை. ஆக, கோளாறு பெரிய பெட்டிக்குள்தான்.

ஆனால் ஒரு கியர் மட்டும் போனால் அந்தக் கியரின் தகடு தேய்ந்தது என்று சொல்லலாம். எல்லாக் கியரும் ஒரே நேரத்தில் போய், பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் எல்லாமே ஒரே நேரத்தில் திரும்பி வருகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவானது எது என்று யோசித்தேன். ஆயிலும் பம்பும்தான். கம்பியை உருவி, நோட்டுத் தாளில் ஒரு சொட்டு விட்டேன். அளவு சரியாக இருந்தது. நிறம் நல்ல சிவப்பு. மூக்கருகே வைத்துப் பார்த்தேன், தீய்ந்த வாடை இல்லை. தகடு எரிந்திருந்தால் ஆயில் காப்பி டிகாக்ஷன் மாதிரி கறுத்து, கிட்டே வைக்க முடியாத வாடை அடிக்கும்.

மிச்சம் இருந்தது அந்த ஊளைச் சத்தம். அதை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு வண்டி திரும்பவும் கிளம்பி, சாலையோரத்து நிலம் ஒன்றில் மோட்டார் ஓடும் கொட்டகையைத் தாண்டும்போது பிடிபட்டது. கிணற்றுக்குள் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வில் பாசி அடைத்துக்கொண்டால் மோட்டார் இப்படித்தான் கத்தும். தண்ணீர் இருக்கும், ஆனால் உறிஞ்ச வராது. மோட்டாரை நிறுத்தினால் அடைத்திருந்த பாசி விலகும். மறுபடி போட்டால் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும்.

"கழட்டிப் பாக்கணுங்கணா" என்றேன். காலையிலிருந்து நான் அவரிடம் பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை வண்டியைக் கட்டைகள்மேல் ஏற்றிவிட்டு, ஆயிலை வடித்து, கியர்ப் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினேன். தட்டின் மூலையில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரிக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. இந்த வயது வண்டிக்கு அது சகஜம். இரும்புத் துண்டு ஒன்றும் இல்லை. சந்தோஷமாக நிமிர்ந்து பார்த்தேன். பம்ப் ஆயிலை உறிஞ்சும் இடத்தில் கம்பி வலை வைத்த ஃபில்டர் ஒன்று இருக்கும். அந்த வலையே தெரியவில்லை. அதன்மேல் ரத்தச் சிவப்பில், கம்பளம் மாதிரி கெட்டியாக ஏதோ படிந்திருந்தது.

தகடுகளின் மேல் ஒட்டியிருக்கும் நார்ப்பூச்சு உரிந்து வந்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். அப்படியென்றால் வேலூர்க்காரர்கள் சொன்னதுதான் சரி. பெட்டி முடிந்தது. அவரிடம் போய் அதைச் சொல்ல வேண்டும். ஃபில்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மனைவி ராட்டினத்தை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். என் கையிலிருந்து வாங்கி, அந்தப் படலத்தின் ஓரத்தை நகத்தால் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். தினமும் நூல் ஓடிக்கொண்டே இருக்கும் விரல்கள்.

"ஏங்க, இது நூலுங்க" என்றாள்.

நூல் எப்படிக் கியர்ப் பெட்டிக்குள் வரும் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. ஒரு பிடியைக் கிள்ளிக்கொண்டு போய், சோப்புப் போட்டு மூன்று தண்ணீர் அலசி, வெயிலில் ஓட்டின் மேல் காயவைத்தாள். ஆயில் சிவப்பு போன பிறகு உள்ளே வேறு வேறு நிறங்கள் தெரிந்தன. மயில்கழுத்துப் பச்சையில் ஓர் இழை, அரக்கில் ஓர் இழை, மாம்பழ மஞ்சளில் இரண்டு. எங்கள் ஊரில் நூல் பட்டா போலியா என்று சந்தேகம் வந்தால் யாரிடமும் கேட்க மாட்டார்கள், ஓர் இழையைக் கொளுத்திப் பார்ப்பார்கள். அவள் அதை ஷெட்டுக்கு வெளியே, டீசல் வாடை இல்லாத இடத்துக்கு எடுத்துப்போய்த் தீக்குச்சி கிழித்தாள். முடி கருகும் வாடை வந்தது. சாம்பலை விரலில் தேய்த்தாள், பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"பட்டு" என்றாள். "சுத்தப் பட்டு."

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். தகடு உரியவில்லை, பெட்டி உயிரோடு இருக்கிறது. அடுத்த நொடியே என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. உள்ளே ஒரு பிடி நூல் கழிவு இருந்தது. மயில்கழுத்துப் பச்சை, மாம்பழ மஞ்சள்.

ஒவ்வொரு காலையும் துடைத்த கம்பியில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு மூன்று இழைகள் ஒட்டியிருக்கும். அவர் அதைத் திரும்பக் குழாய்க்குள் விடுவார். இன்ஜினாக இருந்தால் அது பெரிய விஷயம் இல்லை. இங்கே பம்ப் அதை உறிஞ்சி உறிஞ்சி வலைமேல் படிய வைத்திருக்கிறது. மூன்று வருடத்தில் ஒரு துணியே நெய்துவிட்டது. வண்டி ஓடும்போது அந்தத் துணி வலையோடு ஒட்டி மூச்சை அடைக்கும். நிறுத்தினால் தளர்ந்து வழி விடும். அதைத் துடைக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

வலை அடைத்திருந்தது, சுத்தம் செய்துவிட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். யாரும் மேலே கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சொல்லாமல் விட்டால் அடுத்த நாள் காலையும் அவர் அதே கூடையிலிருந்துதான் ஒரு பிடி எடுப்பார். என் மனைவி, "நான் வேணா சொல்லட்டுமா?" என்று கேட்டாள். இதை அவள் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

மத்தியானம் அவர் வந்தார். நான் வண்டிக்கு அடியில் இருந்தேன். அவருடைய செருப்பும் தடியின் நுனியும் மட்டும் தெரிந்தன. முகம் தெரியாதது வசதியாக இருந்தது. அங்கே படுத்தபடியே சொல்லிவிட்டேன்.

"அண்ணா, இது என் தப்புங்க. கம்பிய பட்டுக் கழிவால தொடைக்கச் சொன்னது நான்தான். அந்த நூலுதான் உள்ள போய் அடைச்சிகினு இருந்துது."

தடி ஒரு வட்டம் போட்டது.

"வெளிய வா."

"வரலீங்கணா."

"சரி, அங்கியே இரு. பெட்டி செத்துப்போச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

"சாவலீங்க. மூச்சுதான் அடைச்சிகினு இருந்துது."

அதன் பிறகு வந்த சத்தம் என்னவென்று முதலில் புரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மனைவி காயவைத்திருந்த நூலை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்திருக்கிறார். அந்தப் பச்சை எந்தக் கல்யாணத்துக்குப் போன சேலை, அந்த அரக்கு எந்த ஊர் நெசவாளருக்குக் கொடுத்த ஊடை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "மூணு வருசமா இந்த வண்டிக்குப் பட்டு கட்டிவுட்டுகினு இருந்திருக்கேன் பாரும்மா. என் ஊட்டுக்காரிக்குக்கூட தீபாவளிக்குத் தீபாவளிதான்" என்று என் மனைவியிடம் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் தைரியம் வந்து, அடியிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

வலையைப் பெட்ரோலில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்துச் சுத்தம் செய்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு கண்ணும் தெரிந்தது. ஆயில் குளிர்ந்து வரும் குழாயையும் ஊதிவிட்டேன். அடித்தட்டில் ஆயில் கசியாமல் வைக்கும் பேக்கிங் பழையது உதவாது என்பதால் புது ஷீட்டில் அளவெடுத்து வெட்டினேன். அதற்கே பாதி நாள் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை புது ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, கியர் லீவரை ஒவ்வோர் இடத்திலும் மூன்று மூச்சு நேரம் நிறுத்தி நகர்த்தினேன். ஆயில் எல்லா அறைகளுக்கும் போய்ச் சேர வேண்டும். ஊளைச் சத்தம் இல்லை. ஆனால் வண்டி இன்னும் நின்ற இடத்திலேயே இருந்தது. புளியமரம் வரை போனால்தான் எதையும் நம்பலாம்.

அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், மனைவியும் பின்னால் ஏறிக்கொண்டாள். போகும் வழியெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். மோட்டார் கொட்டகையைத் தாண்டியதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் அவருடைய வலது காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். புளியமரம் வந்தது. வண்டி அதன் நிழலுக்குள் போய் மறுபக்கம் வெளியே வந்தது. அவர் மிதியை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பெட்டி ஒரு கியர் கீழே இறங்கி, இழுத்துக்கொண்டு போனது. திருமலையின் பாறை கண்ணுக்குத் தெரியும் வரை நிற்காமல் போனோம். அங்கே வண்டியைத் திருப்பியதும் அவர் என்னைப் பார்த்து, "இன்னா மேஸ்திரி, எதனா பேசேன்" என்றார். கம்பியை வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்று மட்டும் சொன்னேன். மூன்று வருடமாகச் சொல்ல வேண்டியிருந்தது அது.

அன்று மாலை என் மனைவி ஒரு காரியம் செய்தாள். தறியில் கறை பட்டு விலைக்குப் போகாத சேலைத் துண்டு ஒன்று அவர் கடையில் இருந்தது. அதைக் கைக்குட்டை அளவில் வெட்டி, நாலு பக்கமும் மடித்துத் தைத்துக் கொடுத்தாள். நெய்து, ஓரம் அடித்த பட்டில் இழை பிரிந்து வராது. கியர்ப் பெட்டிக் கம்பியைத் துடைக்க அது ஒன்றைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியும் விட்டாள். என் சட்டைப் பையில் இருந்ததையும் அவளே எடுத்துக் குப்பையில் போட்டாள்.

திங்கட்கிழமை காலை வண்டியைத் தூக்கிப் போகும் லாரி சொன்ன நேரத்துக்கு எங்கள் ஷெட் வாசலில் வந்து நின்றது. பின்னாலேயே அவருடைய மகன். வண்டி எங்கள் ஷெட்டில் இருப்பதைச் சொன்னவர், அது சரியாகிவிட்டதை மகனிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. வண்டி எங்கே என்று கேட்டான். நான் ஒரு டிராக்டருக்கு அடியில் இருந்தேன். மனைவி ராட்டினத்தை நிறுத்தாமலே சொன்னாள், அண்ணா விடியற்காலையிலேயே பாவு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று. மகன் நம்பாமல் போன் போட்டான். அவருடைய குரல் ஷெட்டுக்குள் எல்லோருக்கும் கேட்டது.

"தெள்ளார்ல கீறேன்டா. வழியில எங்கியும் நிக்கல. இங்க நெய்யறவங்க ஊட்ல நாஸ்தா துன்னுகினு கீறேன், அப்புறமா பேசு."

மகன் போனைச் சட்டைப் பையில் போட்டான். திருமலைக்குப் பாதி வழிகூடத் தாண்டாத வண்டி அதைவிட எவ்வளவோ தூரத்தில் இருக்கும் தெள்ளார் வரை எப்படிப் போனது என்று என் மனைவியிடம் கேட்டான். அவள் ராட்டினத்திலிருந்து கையை எடுக்காமல், காலால் டிராக்டர் பக்கம் காட்டினாள். அவன் குனிந்து என்னைப் பார்த்தான். நான் போல்ட்டை இறுக்கிக்கொண்டே, வலை அடைத்திருந்தது, எதனால் என்று அப்பா சொல்வார் என்றேன். அவன் லாரிக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து, லாரியைக் காலியாகவே திருப்பி அனுப்பினான்.